டிவைஸ் டிரைவரில் கமெண்ட்களைச் சீர்செய்வது: லினக்ஸ் கெர்னலுக்கு முதல் பேட்ச் அனுப்புபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சி மொழி ஓரளவு தெரியும், கிட் பழக்கம் உண்டு, ஆனால் கெர்னலில் எங்கே கைவைப்பது என்று தெரியவில்லை. சென்னையில் என்னிடம் வந்து கேட்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். டிரைவர் கமெண்ட்களைச் சீர்செய்வது அவர்களுக்கு நல்ல முதல் வேலை. ஆனால் ஏறக்குறைய எல்லோரும் அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் செக்பேட்ச் (நிரலின் எழுத்துப் பாணியைச் சோதிக்கும் கெர்னல் கருவி) ஸ்கிரிப்டை ஓட்டி, அது காட்டும் வரிகளையெல்லாம் திருத்திவிட்டு, நிரலைக் கடைசியில் படிக்கிறார்கள். சிலர் படிக்காமலே அனுப்பிவிடுகிறார்கள்.

செக்பேட்சுக்குக் கமெண்டின் வடிவம் மட்டுமே தெரியும். அதில் எழுதியிருப்பது உண்மையா, அந்த வரி போனால் நாளைக்கு யாருக்கு என்ன நஷ்டம் என்பது அதற்குத் தெரியாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்: படிப்பது, வகை பிரிப்பது, வரலாறு பார்ப்பது, அதற்கப்புறம்தான் வடிவம்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

லினக்ஸ் ஓடும் ஒரு கணினி, பல ஜிபி காலி இடம், கெர்னலைக் கம்பைல் செய்யத் தேவையான பேக்கேஜ்கள் (ஜிசிசி, மேக், ஃப்ளெக்ஸ், பைசன், ஓப்பன்எஸ்எஸ்எல், எல்ஃப் லைப்ரரிகளின் டெவலப்மெண்ட் ஃபைல்கள்). இவ்வளவு போதும். டிரைவருக்குரிய வன்பொருள் வேண்டுமே என்று ரிச்சி தெருவுக்கு ஓட வேண்டாம். கமெண்ட் மட்டும் மாறும் பேட்சுக்கு (நீங்கள் அனுப்பும் மாற்றங்களின் தொகுப்பு) கம்பைல் செய்து பார்த்தாலே போதுமானது.

சோர்ஸை எந்தக் கிளையிலிருந்து எடுப்பது என்பது முக்கியம். டிஸ்ட்ரிபியூஷனோடு வந்த சோர்ஸிலோ, சில மாதம் பழைய வெளியீட்டிலோ வேலை செய்தால், நீங்கள் திருத்திய வரி ஏற்கெனவே மாறியிருக்கும், பேட்ச் பொருந்தாது. ஸ்டேஜிங் டிரைவர் (இன்னும் முழுத் தரத்துக்கு வராதது) என்றால் ஸ்டேஜிங் மரத்தின், அதாவது அந்தப் பகுதிக்கான கிட் களஞ்சியத்தின், ஸ்டேஜிங்-டெஸ்டிங் கிளையை எடுங்கள். எந்தப் பகுதிக்கு எந்த மரம் என்பது சோர்ஸின் மேல்மட்டத்தில் உள்ள மெயின்டெய்னர்ஸ் ஃபைலில் இருக்கிறது.

ஹாஸ்டல் நெட்டில் குளோன் மெதுவாக இருக்கிறதென்று பலர் டெப்த் 1 கொடுத்து எடுக்கிறார்கள். இந்த வேலைக்கு அது உதவாது. ஒரு கமெண்ட் ஏன் வந்தது என்று தேட முழு வரலாறும் வேண்டும், டெப்த் 1 குளோனில் அது இருக்காது. டேட்டாவைச் சேமிக்க வேண்டுமென்றால் ‘ஃபில்டர்’ ஆப்ஷனில் ‘பிளாப்:நன்’ என்று கொடுங்கள். கமிட் வரலாறு முழுவதும் வந்துவிடும், பழைய ஃபைல்களின் உள்ளடக்கம் தேவைப்படும்போது மட்டும் இறங்கும்.

எடிட்டரில் டேப் அகலத்தை 8 என்று வையுங்கள், டேப்பை ஸ்பேஸாக மாற்றும் வசதியை அணையுங்கள். சேமிக்கும்போது தானாக ஃபார்மட் செய்யும் வசதியையும் கட்டாயம் அணைக்க வேண்டும். விஎஸ் கோட் பயன்படுத்தும் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இதில்தான். இரண்டு கமெண்டைத் திருத்தியிருப்பார்கள், டிஃப்பில் முந்நூறு வரி மாறியிருக்கும்.

2. டிரைவரையும் ஃபைலையும் தேர்ந்தெடுப்பது

டிரைவர்ஸ்/ஸ்டேஜிங் அடைவுக்குள் மட்டும் தேடுங்கள். இன்னும் முழுத் தரத்துக்கு வராத டிரைவர்கள் அங்கே இருக்கின்றன. இந்த மாதிரித் திருத்தங்களுக்கு வரவேற்பு உண்டு. மற்றப் பகுதிகளில் வெறும் பாணித் திருத்தத்தை மெயின்டெய்னர்கள் (அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர்கள்) பொதுவாக விரும்புவதில்லை. அது வரலாற்றைக் குழப்பும், பழைய வெளியீடுகளுக்குப் பிழைத்திருத்தங்களைக் கொண்டுபோவதையும் கடினமாக்கும். அவர்கள் மறுப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

உதாரணத்துக்கு ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்8723பிஎஸ் வைஃபை டிரைவர் 2017இல் ஸ்டேஜிங்குக்குள் வந்தது. ஃபைல்கள் பெரியவை, கமெண்ட்களும் ஏராளம். தேர்ந்தெடுத்த டிரைவரின் அடைவில் டூடூ ஃபைல் இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். எந்த வேலை பாக்கி என்று மெயின்டெய்னரே எழுதியிருப்பார். டிரைவரையே நீக்கப்போகிறோம் என்று அதில் இருந்தால் வேறு டிரைவருக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் கிட் லாகில் அந்த அடைவின் சமீபத்திய கமிட்களைப் பாருங்கள். அதே திருத்தத்தை வேறொருவர் போன வாரம் செய்து முடித்திருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தால் ஒரே ஒரு ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள்.

3. கருவியைத் தொடாமல் ஃபைலை முழுதாகப் படியுங்கள்

அதிக நேரம் போக வேண்டியது இந்தப் படியில்தான். ஒவ்வொரு கமெண்டையும் படித்து, அது என்ன வகை என்று ஒரு காகிதத்தில் குறியுங்கள்.

முதல் வகை, வன்பொருளைப் பற்றிச் சொல்பவை. இவற்றுக்கு விலையே இல்லை. சிப்பின் டேட்டாஷீட் பல நேரம் வெளியில் கிடைக்காது. அந்தச் சிப் எப்படி நடந்துகொள்ளும் என்று உலகுக்குத் தெரிந்த ஒரே இடம் இந்தக் கமெண்டாக இருக்கலாம்.

ஒரு இடத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். டிரைவர் ஒரு ரெஜிஸ்டரில் எழுதுகிறது. அடுத்த வரியிலேயே அதே ரெஜிஸ்டரை வாசிக்கிறது, வந்த மதிப்பை எதற்கும் பயன்படுத்தவில்லை. பக்கத்தில் ‘ஃப்ளஷ்’ என்று ஒற்றைச் சொல் கமெண்ட். புதிதாகப் பார்ப்பவருக்கு இரண்டுமே வீண் என்று தோன்றும். உண்மையில் பிசிஐ பஸ்ஸில், சிபியு எழுதியது உடனே சாதனத்தைச் சேர்ந்துவிடும் என்ற உறுதி கிடையாது. வழியில் தேங்கி நிற்கலாம். அதே சாதனத்திலிருந்து ஒரு வாசிப்பு முடிய வேண்டுமென்றால் அதற்கு முன் எழுதியவை போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதற்காகத்தான் அந்த வாசிப்பு. இன்றைக்கு நீங்கள் அந்தக் கமெண்டை எடுத்தால், ஆறு மாதம் கழித்து இன்னொருவர் ‘பயனில்லாத வாசிப்பு’ என்று அந்த வரியையே எடுப்பார். சாதனம் எப்போதாவது ஒருமுறை தொங்கும், காரணம் யாருக்கும் பிடிபடாது. இங்கே செய்ய வேண்டிய சீர்திருத்தம், அந்த ஒற்றைச் சொல்லைக் காரணத்தோடு ஒரு வாக்கியமாக விரிப்பது.

இரண்டாம் வகை, நிரல் செய்வதையே திரும்பச் சொல்பவை. எண்ணியை ஒன்று கூட்டும் வரிக்கு மேல் ‘எண்ணியை ஒன்று கூட்டு’ என்று இருக்கும். தாராளமாக நீக்கலாம். கெர்னலின் பாணி ஆவணமே, நிரல் எப்படி வேலை செய்கிறது என்று கமெண்டில் விளக்க முயலாதீர்கள், என்ன செய்கிறது என்பதைச் சொல்லுங்கள் என்கிறது.

மூன்றாவது, கமெண்டுக்குள் அடைத்து வைத்த பழைய நிரல். இதையும் நீக்கலாம். தேவைப்பட்டால் கிட் வரலாற்றில் இருக்கிறது. ஆனால் நீக்குமுன் அதைச் சுற்றி மனிதர் யாராவது எழுதிய வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘இந்த வரியை இயக்கினால் பழைய சிப் நின்றுவிடுகிறது’ என்பது போல ஒன்று இருந்தால், பழைய நிரலை எடுத்துவிட்டு அந்த வாக்கியத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பொய் சொல்லும் கமெண்ட்கள். நிரல் மாறியிருக்கும், கமெண்ட் மாறியிருக்காது. கமெண்டே இல்லாததைவிட இது மோசம். செக்பேட்ச் இவற்றில் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்காது. நீங்கள் செய்யக்கூடியதில் மதிப்புள்ள வேலையும் இதுவே.

ஐந்தாவது, ‘பிறகு சரிசெய்ய வேண்டும்’ என்ற ரகத்தில் வரும் டூடூ, ஃபிக்ஸ்மீ குறிப்புகள். சொன்ன வேலை முடிந்துவிட்டது என்று நிரலைப் பார்த்து உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எடுங்கள்.

4. சந்தேகம் வந்தால் வரலாற்றில் தேடுங்கள்

‘10 மில்லி செகண்ட் காத்திரு’ என்று கமெண்ட் இருக்கிறது, கீழே எம்ஸ்லீப்புக்கு (அத்தனை மில்லி செகண்ட் காத்திருக்கும் ஃபங்ஷன்) கொடுத்திருப்பது 20. எது சரி?

கிட் பிளேமை (ஒரு வரியைக் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் கட்டளை) அந்த வரியில் ஓட்டுங்கள். வெற்றிட மாற்றங்களைத் தவிர்க்கும் ஆப்ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முன்பு யாரோ இண்டெண்ட் சரிசெய்த கமிட்தான் வந்து நிற்கும். அங்கிருந்து அதற்கு முந்தைய கமிட்டுக்குப் போங்கள். 10 என்பது 20 ஆன கமிட்டைக் கண்டுபிடித்து, சாதனம் தயாராகக் கூடுதல் நேரம் தேவைப்பட்டது என்று அதன் செய்தியில் இருந்தால், கதை முடிந்தது: கமெண்டை 20 என்று திருத்தி, அந்தக் கமிட்டை உங்கள் செய்தியில் குறிப்பிடுங்கள்.

வரலாற்றில் விடை இல்லையா? அந்தக் கமெண்டை அப்படியே விடுங்கள். எண்ணை ஊகித்து எழுதாதீர்கள். கமெண்டோடு பொருந்தட்டும் என்று நிரலில் இருக்கும் 20ஐ 10 ஆக்குவதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அது கமெண்ட் சீர்திருத்தம் இல்லை, சோதிக்காமல் வன்பொருளின் நடத்தையை மாற்றுவது.

5. கைவைக்கக் கூடாதவை

முதல் வரியில் வரும் எஸ்பிடிஎக்ஸ் உரிமக் குறிப்பு. சி ஃபைலில் அது // பாணியிலும், ஹெடர் ஃபைலில் /* */ பாணியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரே மாதிரி இருக்கட்டும் என்று பிள்ளைகள் இதை மாற்றிவிடுகிறார்கள். பதிப்புரிமை (காப்பிரைட்) வரிகளையும், எழுதியவர் பெயர்களையும் தொடாதீர்கள். அது சட்டம் சார்ந்த விஷயம்.

மெமரி பேரியருக்கு மேல் இருக்கும் கமெண்ட். பேரியர் எந்த இரண்டு செயல்களை வரிசைப்படுத்துகிறது என்று அதில் இருக்கும். அது இல்லாவிட்டால் செக்பேட்சே குறை சொல்லும். ஸ்பின்லாக், மியூடெக்ஸ் போன்ற பூட்டுகளின் அறிவிப்புகளுக்குப் பக்கத்தில் எதைக் காக்கிறது என்று சொல்லும் வரிகளுக்கும் இதே நியாயம்.

ஸ்விட்ச் கேஸ்களுக்கு நடுவே வரும் ‘ஃபால் த்ரூ’ கமெண்ட். ஜிசிசி 7 முதல் கம்பைலரால் இந்தக் கமெண்டையே படித்து, பிரேக் வேண்டுமென்றே விடப்பட்டது என்று புரிந்துகொள்ள முடியும். கெர்னலில் இப்போது இதற்கென்று ‘ஃபால்த்ரூ’ என்ற மேக்ரோ இருக்கிறது. பழைய கமெண்டைக் கண்டால் அந்த மேக்ரோவாக மாற்றுவது நல்லதுதான், ஆனால் அது தனி பேட்ச்.

/** என்று இரண்டு நட்சத்திரத்தோடு தொடங்குபவை கெர்னல்-டாக் கமெண்ட்கள். ஆவணம் தயாரிக்கும் கருவி இவற்றைப் படிக்கும். ஃபங்ஷன் பெயர், @ குறியோடு ஒவ்வொரு ஆர்குமெண்ட், திருப்பித் தரும் மதிப்பு என்று கட்டுப்பாடான வடிவம் உண்டு. டபிள்யூ=1 கொடுத்து மேக் ஓட்டினால் இவற்றில் உள்ள பிழைகள் தெரியும். இந்த வடிவத்தில் இல்லாத சாதாரணக் கமெண்ட் /** என்று தொடங்கியிருந்தால் ஒரு நட்சத்திரத்தை எடுப்பது சரியான திருத்தம்.

6. இப்போது வடிவம்

சரி, இனி செக்பேட்சை ஓட்டலாம். ‘ஃபைல்’ ஆப்ஷனோடு உங்கள் ஃபைலைக் கொடுங்கள். ‘ஷோ-டைப்ஸ்’ சேர்த்தால் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் வகைப்பெயர் வரும். பிளாக் கமெண்ட் ஸ்டைல் என்ற வகையை மட்டும் ‘டைப்ஸ்’ ஆப்ஷனில் கொடுத்தால் மற்ற இரைச்சல் எல்லாம் அடங்கிவிடும்.

பல வரிக் கமெண்டின் வடிவம் இது: முதல் வரியில் /* மட்டும். அடுத்தடுத்த வரிகள் ஒரே நேர்கோட்டில் * என்று தொடங்கும். கடைசியில் */ தனி வரியில். நட்சத்திரங்களால் கட்டம் கட்டியவை, கோடு போட்டுத் தலைப்பு வைத்தவை எல்லாவற்றையும் இந்த எளிய வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். நெட்வொர்க்கிங் பகுதியில் முதல் வரியிலேயே உரையைத் தொடங்கும் பழைய பாணியை இன்னும் பல ஃபைல்களில் பார்ப்பீர்கள். அங்கே போய் அதை மாற்ற வேண்டாம்.

வரியின் நீளம் 80 எழுத்துக்குள் இருப்பது நல்லது. 2020இல் வந்த 5.7 கெர்னலிலிருந்து செக்பேட்ச் 100 வரை பொறுத்துக்கொள்கிறது. 85 எழுத்து உள்ள கமெண்டை அர்த்தம் முறியும் இடத்தில் உடைப்பதைவிட அப்படியே விடுவது மேல்.

செக்பேட்சில் தானாகத் திருத்தும் ஆப்ஷன் ஒன்று இருக்கிறது. அது சோதனை நிலையில் உள்ளது என்று அதன் உதவிக் குறிப்பே சொல்கிறது. கையால் திருத்துங்கள். ஃபைலைப் படிக்க இரண்டாவது வாய்ப்பும் கிடைக்கும்.

மேக்ரோக்களுக்குள் மிகவும் கவனம் வேண்டும். பல வரி மேக்ரோவில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் \ இருக்கும். அதற்குள் உள்ள ஒரு /* */ கமெண்டை யாராவது // ஆக மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சி மொழியில் \ இட்ட வரிகள் முதலில் ஒன்றாக ஒட்டப்படும், கமெண்ட்கள் அதற்குப் பிறகுதான் நீக்கப்படும். அதாவது // க்குப் பின்னால் மேக்ரோவில் மிச்சம் இருக்கும் எல்லா வரிகளும் கமெண்டாகிப் போய்விடும். கம்பைலர் ஒரு எச்சரிக்கை கொடுக்கும். திரையில் ஓடும் நூறு வரிகளுக்கு நடுவே அதைக் கவனிக்காமல் விட்டால், நிரல் கம்பைல் ஆகும், பாதி வேலையைச் செய்யாது.

7. ஒரு பேட்சில் ஒரு வகை மாற்றம்

“எல்லாமே கமெண்ட்தானே அண்ணா, ஒன்றாகவே அனுப்பிவிடலாமே?” என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். கூடாது. பிளாக் வடிவம் ஒரு பேட்ச். பழைய நிரலை நீக்குவது இன்னொன்று. எழுத்துப்பிழை மூன்றாவது. தவறான தகவலைத் திருத்துவது நான்காவது.

படிப்பவரின் கண்ணை நினைத்துப் பாருங்கள். நூறு வரி வடிவ மாற்றத்தை மேலோட்டமாக ஓடவிட்டே சரிபார்க்கலாம். அதன் நடுவில் ஒரு கமெண்டின் பொருள் மாறியிருந்தால் நூறையும் நின்று படிக்க வேண்டும். பின்னால் ஒன்றை மட்டும் திரும்பப் பெற வேண்டி வந்தாலும் தனித்தனியாக இருந்தால்தான் முடியும். கிட் ஆட் கட்டளையின் பேட்ச் ஆப்ஷன் ஒவ்வொரு துண்டாகக் கேட்டுச் சேர்க்கும், பிரிப்பதற்கு வசதி.

வழியில் கண்ணில் படும் ஸ்பேஸ், பிரேஸ் பிழைகளைத் திருத்தக் கை பரபரக்கும். குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பேட்சுக்கு ஆகும்.

8. நிரல் மாறவில்லை என்று உறுதிசெய்வது

முதலில், உங்கள் ஃபைல் உண்மையிலேயே கம்பைல் ஆகிறதா? கான்ஃபிகில் அந்த டிரைவரை இயக்கியிருக்காவிட்டால் மேக் பிழையில்லாமல் முடியும், ஆனால் உங்கள் ஃபைலைத் தொட்டிருக்கவே செய்யாது. ‘எர்ரரே வரவில்லை’ என்று மகிழ்ச்சியோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஆப்ஜெக்ட் ஃபைல் எங்கே என்றுதான். மெனுகான்ஃபிகில் (கெர்னல் கான்ஃபிகை மாற்றும் மெனு) டிரைவரை மாட்யூலாக இயக்கி, அந்த அடைவை மட்டும் கம்பைல் செய்து, .ஓ ஃபைல் புதிதாக வந்திருப்பதைக் கண்ணால் பாருங்கள்.

திருத்துமுன் உருவான .ஓ ஃபைலை வேறு பெயரில் எடுத்து வையுங்கள். திருத்தியபின் மீண்டும் கம்பைல் செய்து, ஆப்ஜ்டம்ப் கொண்டு இரண்டின் டிஸ்அசெம்பிளியையும் (கம்பைல் ஆன கட்டளைகளின் பட்டியல்) எடுத்து டிஃப் போடுங்கள். ஃபைல் பெயரைச் சொல்லும் தலைப்பு வரியைத் தவிர வித்தியாசம் எதுவும் இருக்கக் கூடாது. மேலே சொன்ன மேக்ரோ விபத்து நடந்திருந்தால் இங்கே அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

இரண்டு .ஓ ஃபைல்களை பைட் பைட்டாக ஒப்பிட்டுவிட்டுப் பதறுபவர்கள் உண்டு. கமெண்ட் கூடிக் குறைந்தால் வரி எண்கள் நகரும். டீபக் தகவலிலும், வார்ன்_ஆன் அட்டவணையிலும், டைனமிக் டீபக் பதிவுகளிலும் வரி எண் இருக்கிறது, அதனால் அவை மாறத்தான் செய்யும். அட்டாமிக் ஸ்லீப் சோதனையைக் கான்ஃபிகில் இயக்கியிருந்தால் மைட்_ஸ்லீப் வரி எண்ணை ஆர்குமெண்டாகவே அனுப்பும், டிஸ்அசெம்பிளியிலும் சின்ன மாற்றம் தெரியும். அந்த ஆப்ஷனை அணைத்துவிட்டு ஒப்பிட்டால் குழப்பம் இல்லை.

9. கமிட் செய்தி

தலைப்பு வரியின் முன்னொட்டை நீங்களாக உருவாக்காதீர்கள். கிட் லாகில் அதே டிரைவருக்கு மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து அதையே எடுங்கள். ஆங்கிலத்தில், ஏவல் வினையில், என்ன செய்கிறது என்று எழுதுங்கள். ‘கமெண்ட்களைச் சரிசெய்தேன்’ என்ற மாதிரித் தலைப்பு எதையும் சொல்லவில்லை. எந்த வகைச் சரிசெய்தல் என்று தெரிய வேண்டும்.

தலைப்போடு நிறுத்திவிடாதீர்கள். ஏன் இந்த மாற்றம் என்று கீழே இரண்டு மூன்று வாக்கியம் வேண்டும், ஒரு வரிக்கு 75 எழுத்துக்குள். ‘செக்பேட்ச் சொன்னது’ என்பது காரணம் ஆகாது. அதைச் சொல்லலாம், கூடவே என்ன குறை என்பதையும் சொல்லுங்கள். கம்பைல் செய்து மட்டும் பார்த்தீர்கள் என்றால் அதையும் நேர்மையாக எழுதிவிடுங்கள்.

கிட் கமிட்டில் சைன்ட்-ஆஃப்-பை வரி (இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று உங்கள் பெயரில் தரும் உறுதி) சேர்க்கும் ஆப்ஷனை மறக்காதீர்கள். அது இல்லாத பேட்சை யாரும் எடுக்க மாட்டார்கள். இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் வரும்: இனிஷியல். மெயிலில் இனிஷியல் முன்னால், கிட்டில் பின்னால், இன்னோர் இடத்தில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். அனுப்புநர் பெயரும் சைன்ட்-ஆஃப்-பை பெயரும் ஒத்துப்போகாவிட்டால் செக்பேட்ச் எச்சரிக்கும். ஒரு வடிவத்தை முடிவு செய்து கிட் கான்ஃபிகிலும் மெயிலிலும் அதையே வையுங்கள்.

10. அனுப்புவது

கிட் ஃபார்மட்-பேட்ச் கொடுத்து ஃபைலாக எடுத்து, அந்தப் பேட்ச் ஃபைலின் மேல் செக்பேட்சை ‘ஸ்ட்ரிக்ட்’ ஆப்ஷனோடு இன்னொரு முறை ஓட்டுங்கள். யாருக்கு அனுப்புவது என்பதை கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும்.

மெயிலை கிட் செண்ட்-இமெயில் வழியாகவே அனுப்புங்கள். பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து ஒட்டினால் டேப்கள் சிதைந்துவிடும், பேட்ச் பொருந்தாது. ஜிமெயில் கணக்கு என்றால் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்ட் ஒன்று எடுக்க வேண்டும். கல்லூரி, அலுவலக நெட்களில் 587 போர்ட்டை அடைத்து வைத்திருப்பது உண்டு. இணைப்பு கிடைக்காமல் நின்றுகொண்டே இருந்தால் செட்டிங்கை மாற்றி மாற்றிப் பார்க்காமல் போன் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை முயலுங்கள்.

ஓஎம்ஆரில் வேலை பார்ப்பவர்கள் கம்பெனி மெயிலிலிருந்து அனுப்பும்போது, ‘இது ரகசியமானது’ என்ற வாசகத்தைச் சர்வர் தானாகச் சேர்க்கிறதா என்று பாருங்கள். அப்படி வரும் பேட்சை மெயின்டெய்னர்கள் ஏற்க மாட்டார்கள்.

முதலில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். வந்த மெயிலைச் சேமித்து, சுத்தமான கிளையில் கிட் ஏஎம் போட்டு, பொருந்துகிறதா என்று சோதியுங்கள். அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்கு.

11. பதில் வந்தாலும் வராவிட்டாலும்

குறை சொல்லிப் பதில் வந்தால், மேற்கோள் காட்டிய வரிக்குக் கீழே, அந்தந்த இடத்திலேயே பதில் எழுதுங்கள். மொத்தப் பதிலையும் மெயிலின் மேலே கொட்டாதீர்கள். திருத்திய பேட்சை இரண்டாம் பதிப்பு என்று எண் போட்டு அனுப்புங்கள். முதல் பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதை --- கோட்டுக்குக் கீழே எழுத வேண்டும். அங்கே எழுதுவது வரலாற்றில் பதியாது, படிப்பவருக்கு மட்டும் உதவும்.

பதில் வந்த அரை மணி நேரத்தில் அடுத்த பதிப்பை அனுப்பிவிடாதீர்கள். மற்றவர்கள் இன்னும் படித்திருக்க மாட்டார்கள், அவர்கள் சொல்வதும் சேர்ந்து வரட்டும். ஒரு நாளாவது பொறுங்கள்.

ஒன்றுமே வரவில்லையென்றால் இரண்டு வாரம் காத்திருந்து, அதே மெயிலுக்குப் பதிலாக ஒரு வரி கேளுங்கள். ஆனால் ஒவ்வொரு கெர்னல் வெளியீட்டுக்கும் அடுத்து வரும் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ, அதாவது அடுத்த வெளியீட்டுக்கான மாற்றங்களை ஒன்றுசேர்க்கும் காலம். அப்போது புதிய பேட்ச்களைப் பெரும்பாலும் யாரும் பார்க்க மாட்டார்கள். உங்கள் பேட்ச் அதில் மாட்டியிருந்தால் விண்டோ மூடி முதல் ஆர்சி (சோதனை வெளியீடு) வெளிவந்த பிறகு இரண்டு வாரத்தை எண்ணத் தொடங்குங்கள். அதற்குள், மூன்றாவது படியில் நீங்கள் எழுதி வைத்த காகிதத்தில் பொய் சொல்லும் கமெண்ட் என்று குறித்தவை மிச்சம் இருக்கும். அவற்றின் வரலாற்றைத் தேட ஆரம்பித்துவிடலாம்.